வெள்ளம் வடிந்தபின் ஆறு வாரங்கள்

வெள்ளம் வடிந்த மறுநாளே தெருவோரங்களில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறினால் குடியிருப்போருக்கு ஒரு தெம்பு. ‘கிருமிநாசினி தெளிக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுத முடிந்தால் அதிகாரிக்கு ஒரு தெம்பு. சாயங்காலம் புகை மருந்து வண்டி வரும், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள் என்பதுதான் அவற்றின் பெரிய பலம். சேற்றின்மேல் தூவிய குளோரின், அதில் கிடக்கும் சாக்கடைக் கழிவோடும் அழுகிய தழைகளோடும் சேர்ந்து சற்று நேரத்தில் வீரியம் இழந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. தெருச்சேற்றை யாரும் குடிப்பதுமில்லை. அதே மூட்டைப் பவுடரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் அளந்து போட்டிருந்தால் பத்து வீட்டுக்காவது பயன்பட்டிருக்கும்.

வெள்ளம் பெரும்பாலும் புதிய கிருமி எதையும் கொண்டுவருவதில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்ததை இடம் மாற்றி வைக்கிறது. கழிப்பறைக் குழியில் இருந்தது கிணற்றுக்குள் போகிறது; எலி வளையில் இருந்தது வீட்டு வாசலுக்கு வருகிறது; தனித்தனி வீடுகளில் இருந்தவர்கள் ஒரே பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கிறார்கள். இந்த இடமாற்றங்கள் ஒவ்வொன்றும் நோயாக முற்ற வெவ்வேறு காலம் எடுக்கிறது. நிவாரண வேலைகள் முதல் பத்து நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு அடங்கிவிடும். நோய்களில் பாதிக்குமேல் அதற்குப் பிறகுதான் முறை வைத்து வருகின்றன. மருத்துவ முகாம் கலைந்த வாரத்தில் காய்ச்சல் கூடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

அந்த முறையைப் போட்டுப் பார்ப்போம். காலரா, கிருமி வயிற்றுக்குள் போன சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தெரிந்துவிடும். மற்ற வயிற்றுப்போக்குகளும் ஏறக்குறைய அப்படித்தான். சேற்றுப்புண், சொறிசிரங்கு, மெட்ராஸ் ஐ, சளி இருமல் எல்லாம் முதல் வாரத்து வரவுகள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும், சிலருக்கு ஒரு மாதம்வரை இழுக்கும். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். டெங்குவின் கணக்கு கொஞ்சம் நீளம்: தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல், அந்தக் கொசு ஒரு நோயாளியைக் கடித்து அதன் உடலில் வைரஸ் பெருக இன்னொரு பத்து நாள், அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டினால் ஒரு மாதம் ஆகிவிடுகிறது. மலேரியா ஆறு, எட்டு வாரம் கழித்து வரும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ சராசரியாக 4 வாரம். ஹெபடைடிஸ் இ 2 முதல் 10 வாரம் வரை போகும்.

நடுவில் ஒரு பழைய பயத்தை ஒதுக்கிவிடலாம். வெள்ளத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்பது ஆழமாக வேரோடிய நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாக மறுத்து வருகிறது. நீரில் மூழ்கியோ சுவர் இடிந்தோ இறந்தவர் தொற்றுநோயால் இறந்தவர் அல்லர். இந்தப் பயத்தால் நடக்கும் கேடு வேறு: அடையாளம் காணாமலே, உறவினருக்குக் காட்டாமலே அவசர அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். காலரா பரவியிருக்கும் இடம்போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உடல்களைத் தூக்குபவர்கள் கையுறை அணிய வேண்டும், கை கழுவ வேண்டும். அவ்வளவே. செத்த ஆடு மாடுகளைக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்ட ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பது தனி விஷயம்.

இனி தண்ணீர். எல்லாவற்றிலும் பெரியது இதுதான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசு சொன்னது. அடையாறு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று இரு கரையிலும் ஏறியது. அந்தப் பகுதிகளில் பல வீடுகளில் தண்ணீர் எங்கே இருந்தது என்று யோசித்தால் பிரச்சினை புரியும். தரைக்குக் கீழே, வாசல் போர்டிகோவுக்கு அடியில், தரைமட்டத்தோடு மட்டமாக ஒரு மூடி போட்ட சம்ப். சாக்கடை கலந்த வெள்ளம் முதலில் நிரப்புவது அதைத்தான். கரண்ட் திரும்பியதும் யாராவது மோட்டாரைப் போடுவார்கள். தரைத்தளத்து வீடுதான் மூழ்கியது, நமக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாம் மாடியில் நிம்மதியாக இருந்தவர் வீட்டுக் குழாயிலும் அடையாற்று நீர் வந்துவிடும். ஆகவே வெள்ளம் வடிந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் செய்ய வேண்டிய முதல் தடுப்பு வேலை, மோட்டார் சுவிட்சில் கை வைக்காமல் இருப்பது.

பிறகு சம்பை முழுதும் இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடிக்கிடந்த சம்புக்குள் ஆள் இறங்குமுன் மூடியைத் திறந்து காற்றாட விடவேண்டும். தனியாக யாரும் இறங்கக்கூடாது. மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. கழுவியபின் நல்ல நீர் நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும்படி பவுடர் கலக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள புதிய பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 150 கிராம். அந்த நீரை மேல்நிலைத் தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஒருநாள் அப்படியே வைத்து, முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் குடிநீர் பிடிக்கலாம். இந்த 150 கிராம் கழுவுவதற்கான அளவு, குடிப்பதற்கானது அன்று.

கிணறு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2018 ஆகஸ்டில் பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறுகள் பெருகியபோது கேரளத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். 1924-க்குப் பிறகு அந்த மாநிலம் கண்ட மிகப் பெரிய வெள்ளம் அது. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. அதே மனையில் கழிப்பறைக் குழியும் இருக்கும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் கெட்டுப்போயின என்பது பிறகு எடுத்த கணக்கு. மக்கள் முகாமிலிருந்து திரும்பிய வாரத்தில் அரசும் தன்னார்வலர்களும் கிணறு கிணறாகப் போய்க் குளோரின் போட்டார்கள். அந்த வெள்ளத்தில் படகோட்டிகளின் துணிச்சல் எவ்வளவோ பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். வாளியும் பவுடரும் வைத்துக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கியவர்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசப்படவில்லை.

கிணற்றில் பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும். அதாவது இந்தக் கிணற்றுக்கு 24 கிராம் அளவில். வெள்ளத்துக்குப் பிறகு அதன் இரட்டிப்பாவது வேண்டும். முடிந்தால் முதலில் இறைத்துவிட வேண்டும். பவுடரை வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீர் கடினமாகும், வேறு பயன் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் வேலை முடிந்தது. மிஞ்சவில்லை என்றால் இன்னும் போட வேண்டும்.

இந்த ‘மிஞ்சுவது’தான் எல்லாம். எவ்வளவு போட்டோம் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. புதிதாக இருக்கும்போது 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர், மூட்டை பிரித்தபின் காற்றிலும் வெயிலிலும் நாளுக்கு நாள் வலுவிழக்கும். ஊராட்சி அலுவலக மூலையில் போன மழைக்கு வாங்கி மீந்த மூட்டை கிடந்தால், அதில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பாகவே இருக்கும். சோதிக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். மருந்தைச் சொட்டினால் நீர் நிறம் மாறும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாய் நீருக்கு அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் சோதிப்பதைவிட, வரிசையின் கடைசித் தெருவில், கடைசி வீட்டுக் குழாயில் சோதிக்க வேண்டும். அங்கே 0.2 மில்லிகிராமாவது இருந்தால் நடுவில் எங்கும் சாக்கடை பெரிய அளவில் கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

நடுவில் கலப்பது எப்படி? குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, ஓட்டை இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். விநியோகம் நின்றதும் அழுத்தம் விழுந்து, அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை உள்ளே வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி பெருகியபோது, அந்த ஆற்றை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல நின்றுபோயின. பம்ப் ஓடக் கரண்டும் இல்லை. அப்படி நின்று மீண்டும் திறக்கும்போது வரும் முதல் நீர்தான் மிக மோசமானது. அதைப் பிடிக்காமல் கீழே விட வேண்டும். நாலு நாளாகக் குழாயில் சொட்டு நீர் இல்லாதவரிடம் இதைச் சொல்வது எளிதில்லை என்பது தெரிந்ததே. வெள்ளமே இல்லாமல், கசிந்த குழாய்களால் மட்டும் 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது.

கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் தெளிய வைக்க வேண்டும். படிகாரம் போடலாம். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்துத் தெளிய வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது கலங்கலைத்தான் இறக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்தபின் குளோரின் மாத்திரையோ கொதிக்க வைத்தலோ வேண்டும். நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் போதும், பத்து நிமிடம் எரித்து விறகையோ கேஸையோ வீணாக்க வேண்டாம். கொதித்த நீரைச் சொம்பை விட்டு மொண்டால் அந்தச் சொம்பைப் பிடித்த விரல்களும் உள்ளே போகும். குழாய் வைத்த பாத்திரமோ, கைப்பிடி நீண்ட அகப்பையோ இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் உயிரைக் காப்பது உப்புசர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையோரம் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சிரை வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் கரைசலை டிரம்மில் கலந்து வாய்வழியே கொடுக்கத் தொடங்கினார். மூன்றில் ஒருவர்போல இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. இந்தக் கரைசலுக்கான ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டருக்குத்தான் கலக்க வேண்டும். டம்ளரில் பாதி பொட்டலம் கொட்டுவது குழந்தைக்கு நல்லதன்று. குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரையும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

தோல், கண் தொல்லைகளால் உயிருக்கு ஆபத்து குறைவு, நிம்மதிதான் போகும். காலை நன்கு துடைத்து உலர வைத்தால் சேற்றுப்புண் பாதி குறையும். ஒன்றை மட்டும் லேசாக விடக்கூடாது: சர்க்கரை நோயாளியின் காலில் சேற்றில் பட்ட காயம். நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமி அப்படிப்பட்டவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறது. அது காசநோய்போலவும் சாதாரண நிமோனியாபோலவும் வேடம் போடும்.

எலிக்காய்ச்சலுக்கு வருவோம்.

எலிகளும் பெருச்சாளிகளும் சிறுநீரில் விடும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாடு, நாய், பன்றிகளிடமிருந்தும் வரும். நாம் குடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. காலில் சின்னக் கீறல், நீரில் ஊறிப் பூத்துப்போன தோல், கண், மூக்கு, வாய், ஏதாவது ஒரு வழி போதும். வளைகள் மூழ்கியதும் எலிகள் மேடான இடத்துக்கு வருகின்றன, அதாவது வீடுகளுக்கு. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி மிட்டி ஆறு பெருகியபின், அடுத்த வாரங்களில் அந்த நகரம் எலிக்காய்ச்சலைப் பெரிய அளவில் பார்த்தது.

கேரளத்தில் 2018-இல் நாள்கணக்கு கிட்டத்தட்ட பாடப்புத்தகம்போல அமைந்தது. ஆகஸ்ட் நடுவில் வெள்ளம் உச்சம். 25-ஆம் தேதி திருவோணம். அதையொட்டி மக்கள் வீடு திரும்பிச் சேறு வாரத் தொடங்கினார்கள். மாத இறுதியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் எலிக்காய்ச்சல் குவிந்தது. மீட்புக்கும் துப்புரவுக்கும் போனவர்கள், முட்டளவு சேற்றில் நின்று சொந்த வீட்டைக் கழுவியவர்கள் பலர் அதில் விழுந்தார்கள். பலர் இறந்தார்கள்.

இதற்கு முன்தடுப்பு உண்டு, அது மலிவும்கூட. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. 1982-இல் பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்கள் 940 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, மருந்து வாங்கியவர்களில் ஒருவருக்கு. நம் அந்தமானில் பின்னர் நடந்த ஆய்வின் முடிவு இவ்வளவு பளிச்சென்று இல்லை. தொற்று ஏறுவதை மருந்து தடுக்கவில்லை. ஆனால் நோயாக முற்றியவர்களின் பங்கு பாதிக்குக் குறைந்தது. காட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகும் சிப்பாய்க்கும், ஆண்டு முழுவதும் அதே வயலில் நிற்கும் விவசாயிக்கும் உள்ள வித்தியாசம் அது. வெள்ளத்தில் சேறு வாருபவர் சிப்பாயின் நிலைமைக்குத்தான் நெருக்கம்: ஆபத்து அதிகம், காலம் குறைவு. அதனால் அவருக்கு இந்த மாத்திரை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

கேரள சுகாதாரத் துறை மாத்திரையை லட்சக்கணக்கில் விநியோகித்தது. அங்கேதான் சிக்கலும் வந்தது. வாங்கியவர் எல்லோரும் விழுங்கிவிடவில்லை. மாத்திரை ஆபத்தானது, தேவையற்றது என்று சமூக ஊடகத்தில் பரப்பிய ஓர் இயற்கை மருத்துவரைச் செப்டம்பரில் போலீஸ் கைது செய்யும் அளவுக்குப் போனது விவகாரம். கைது தேவையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சந்தேகப்படுகிற மனிதரிடம் அவர் தெருச் செவிலியர் ஐந்து நிமிடம் பேசுவது அதைவிட அதிகம் சாதிக்கும். பேசுவதற்கு விஷயமும் இருக்கிறது: வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டு நிறைய நீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாயில் புண்ணாகும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது, அவர்களுக்கு வேறு மருந்தை மருத்துவர் சொல்வார். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் சரக்கு இது இல்லை.

மாத்திரையோடு நிற்கவும் கூடாது. ரப்பர் பூட்ஸ், கையுறை, காயத்தின்மேல் நீர் புகாத கட்டு, வேலை முடிந்ததும் சோப்புக் குளியல். காய்ச்சல் வந்தால் ‘வெள்ள நீரில் நின்றேன்’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள், சிறுநீர் குறைவு என்று போகும் நோய் இது. ரத்தப் பரிசோதனை முதல் சில நாள்களில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதன் முடிவுக்குக் காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும். வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலுக்குச் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சை தொடங்குவதுதான் சரி.

யாருக்குப் பூட்ஸ் கிடைக்கிறது என்பதை இங்கே கேட்காமல் போக முடியாது. 2015-இல் சென்னையைச் சுத்தம் செய்யத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுப் பணியாளர்கள் பேருந்துகளில் அழைத்து வரப்பட்டார்கள். கையுறையும் காலணியும் இல்லாமல் குப்பை அள்ளிய அவர்கள் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வேலை முடிந்து சொந்த ஊருக்குத் திரும்பிய ஒருவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால், அங்கே அவரைப் பார்க்கும் மருத்துவர் அடையாற்றுச் சேற்றை நினைப்பாரா? அந்தக் காய்ச்சல் சென்னைக் கணக்கில் ஏறவே ஏறாது. ஊர் திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ‘இந்தத் தேதிகளில் வெள்ளச் சேற்றில் வேலை செய்தவர்’ என்று ஒரு சீட்டும், மீதி வாரங்களுக்கான மாத்திரையும் கொடுத்து அனுப்புவதற்குப் பெரிய செலவு ஆகாது.

முகாம்களைப் பற்றி. சர்வதேச நிவாரணத் தரம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, படுக்க 3.5 சதுர மீட்டர் என்கிறது. நம் பள்ளிக்கூட முகாம்களில் இந்த எண்களைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் முகாம் நோய்களில் பெரும்பகுதியை முடிவுசெய்வது கழிப்பறை வரிசையும் சோப்பும்தான். பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அதில் சிறுநீர்த் தொற்று வரும். நெரிசலில் தட்டம்மை ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்குப் பற்றினால் நிறுத்துவது கடினம். அதனால் பெரிய முகாம் என்றால், தடுப்பூசி அட்டை வெள்ளத்தில் போயிருந்தாலும் குழந்தைகளுக்கு மீண்டும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது. இருமுறை போட்டதால் கேடில்லை. காசநோய், எச்ஐவி மாத்திரைகள் வீட்டோடு அடித்துக்கொண்டு போனவர்களை முதல் இரண்டு நாளிலேயே கேட்டறிய வேண்டும். அவர்களாக வந்து கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள்.

கொசு கடைசியாக வந்தாலும் நீண்ட நாள் இருக்கும். ஓடுகிற வெள்ளம் முதலில் கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டுதான் போகும். அதனால் முதல் வாரம் கொசு குறைந்ததுபோல் இருக்கும். புகை மருந்து அந்த வாரத்தில்தான் மும்முரமாக அடிக்கப்படும். பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும் புகை, அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திருந்து பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவை அவ்வளவாகத் தொடுவதில்லை. முட்டைகளை அறவே தொடாது. அந்த முட்டைகள் காய்ந்த பாத்திர விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும்.

வெள்ளக் குப்பையைப் பாருங்கள்: டயர், உடைந்த பக்கெட், கொட்டாங்குச்சி, தூக்கி எறிந்த ஃபிரிட்ஜ். இரண்டாம் வாரத்துக்குள் இவை அகற்றப்பட்டால் நாலாம் வாரத்து டெங்கு குறையும். இன்னொரு தொடர்பை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. குழாய் நீர் ஒழுங்காக வராவிட்டால் மக்கள் டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைப்பார்கள். மூடாத டிரம் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம். சென்னையில் மலேரியாக் கொசுவும் மேல்நிலைத் தொட்டியில்தான் பெருகுகிறது. அப்படியானால் குடிநீர் வாரியப் பொறியாளர் குழாயைச் சீக்கிரம் சரிசெய்வது காலராவோடு டெங்குவையும் தடுக்கும் வேலை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், டிரம்முக்கு மூடி போட்டுவிட்டுக் குடிக்கட்டும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2022 வெள்ளநீர் மாதக்கணக்கில் வடியாமல் நின்றபோது மலேரியா பெருகியது. அங்கே நீரை வடியவைக்கும் வாய்க்கால் வேலையும் மருத்துவத்தின் பகுதியாகிவிட்டது.

இவற்றையெல்லாம் வந்தபின் தெரிந்துகொள்வதற்கும் வருமுன் தெரிந்துகொள்வதற்கும் நடுவில் இருப்பது ஒரு பதிவேடு. ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் முகாமிலும் ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை, எந்தத் தெரு என்று எழுதி, அன்றைக்கே மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் மூன்று வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், அந்தத் தெருக் குழாயை அன்று மாலையே சோதிக்க வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்குப் போகும் நோயாளிகள் இந்தப் பதிவேட்டில் வருவதில்லை என்பது நம் நகரங்களின் பெரிய ஓட்டை. ஒரு வார்டில் நாலு கிளினிக்குக்குத் தினமும் ஒரு போன் போட்டால் அது பாதி அடைபடும்.

இந்தப் பதிவேட்டை எப்போது மூடலாம் என்றால், ஹெபடைடிஸ் இ-யின் கணக்குப்படி பத்து வாரம் ஆக வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு பெருகியது என்றால் பிப்ரவரி நடுவரை. ஆறு, எட்டு வாரத்தோடு மற்றவை பெரும்பாலும் அடங்கிவிடும், இது மட்டும் தாமதமாக வரும். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகத் தீரும் மஞ்சள் காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்வரை இறக்கக்கூடும். ஆகவே பொங்கல் கழிந்து, வெள்ளத்தை ஊரே மறந்துவிட்ட பிறகும், கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் கிராம சுகாதார செவிலியர் எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதோடு கீழிமையை இறக்கிக் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும், வாந்தி உண்டா, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா, வீட்டில் இப்போது எங்கிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கிணற்றுக்கோ குழாய்க்கோ குளோரின் சோதனைக் கருவியோடு ஓர் ஆளை அனுப்ப வேண்டும்.